மாட்டை எங்கே கட்டுவது, பாலை எங்கே ஊற்றுவது: வடசென்னைக் கறவைக் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு

வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, மணலி என்று வடசென்னையின் எந்தப் பக்கம் போனாலும் நாலு மாடு, ஆறு மாடு வைத்துப் பிழைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளில் இப்போது ஒரே பேச்சுதான். மாட்டை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா, ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கட்டுவதா? 2024இல் மாநகராட்சி, தெருவில் பிடிபடும் மாட்டுக்கான அபராதத்தை முதல் முறை 10,000 ரூபாய், மறுமுறை 15,000 ரூபாய் என்று உயர்த்தியபிறகு இந்தப் பேச்சைத் தள்ளிப்போட முடியவில்லை. பிடித்த மாட்டை அடைக்கும் மாநகராட்சியின் பெரம்பூர் தொழுவத்துக்கு ஒரு மாடு போய்வந்தால், அந்த மாடு இரண்டு மாதம் சம்பாதித்துக் கொடுத்தது போய்விடும்.

என் சொந்தத்திலும் மாடு வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களோடு உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். கையில் நான்கு வழிகள் இருக்கின்றன: இருக்கிற இடத்திலேயே மாட்டைக் கட்டிவைத்து வளர்ப்பது, செங்குன்றம் தாண்டிக் குத்தகை நிலம் பிடித்து மாட்டை அங்கே வைத்துக்கொண்டு, பாலை மட்டும் பழைய வாடிக்கை வீடுகளுக்குக் கொண்டுவருவது, அங்கேயே கூட்டுறவுப் பால் சொசைட்டியில் ஊற்றிவிடுவது, மாட்டை விற்றுவிட்டுப் பாக்கெட் பால் ஏஜென்சி எடுப்பது. ஐந்தாறு மாடும், உழைக்கத் தெம்புள்ள இரண்டு பேரும் உள்ள குடும்பம் இரண்டாவது வழிக்குப் போக வேண்டும் என்பது என் முடிவு. எல்லாக் குடும்பத்துக்கும் அது பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் தீவனக் கணக்கு

பால் விலையை வைத்துத்தான் எல்லாரும் கணக்கைத் தொடங்குகிறார்கள். தீவனத்திலிருந்து தொடங்கினால்தான் கணக்கு பிடிபடும். நாளுக்குப் பத்து லிட்டர் கறக்கிற ஜெர்சி கலப்பின மாட்டை எடுத்துக்கொள்வோம். உடம்பைத் தாங்க ஒன்றரைக் கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் நாலு கிலோ, ஆக ஐந்தரைக் கிலோ அடர்தீவனம் வேண்டும். தவிடு, உளுந்தம் பொட்டு, புண்ணாக்கு எல்லாம் கலந்து கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 165 ரூபாய். வைக்கோல் ஐந்து கிலோ, கிலோ 12 வீதம் 60 ரூபாய். பசும்புல் இருபது கிலோ, விலைக்கு வாங்கினால் கிலோ 4 வீதம் 80 ரூபாய். மொத்தம் 305 ரூபாய். உங்கள் பொட்டுக்கடை விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். மாட்டுக்கு வேண்டிய அளவு மட்டும் மாறாது.

இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். மாடு வருஷம் முழுக்கக் கறக்காது. பத்து மாதம் கறந்து, கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் வற்றவிட்டாக வேண்டும். சினைப்பருவம் தவறினால் இந்த வற்றிய காலம் இன்னும் நீளும். பருவம் வருவது 21 நாளுக்கு ஒருமுறை. அந்த ஒரு நாளைக் கவனிக்காமல் விட்டால் மூன்று வாரத் தீவனம் வீண். ஆக ஐந்து மாடு இருந்தால் சராசரியாக மூன்றரை மாடுதான் கறவையில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீதி ஒன்றரை மாட்டுக்கும், மாடு ஒன்றுக்கு 200 ரூபாயாவது தீவனச் செலவு உண்டு.

இப்போது கூட்டினால் ஐந்து மாட்டுக்கும் நாள் தீவனம் சுமார் 1,370 ரூபாய். பால் 35 லிட்டர். லிட்டருக்குத் தீவனச் செலவு மட்டும் 39 ரூபாய். இந்த 39ஐ மறக்க வேண்டாம். கூட்டுறவுக் கொள்முதல் விலை 2022 நவம்பரில் பசும்பாலுக்கு 35 ரூபாய் ஆனது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்து 38 ஆனது. புல்லை விலைக்கு வாங்கி மாடு வளர்ப்பவர் சொசைட்டிக்கு ஊற்றினால், மருந்து, ஆள்கூலி, கரன்ட் எதையும் கணக்கில் சேர்க்காமலே நஷ்டம். அதே 35 லிட்டரைக் கறந்த பாலாக வீடுகளுக்கு லிட்டர் 60 ரூபாய்க்கு ஊற்றினால் 2,100 ரூபாய் வரும், 730 மிஞ்சும்.

அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ சொந்தப் புல் இருந்தால் கணக்கே மாறிவிடுகிறது. கம்பு நேப்பியர் கோ-4 நல்ல பாசனத்தில் ஏக்கருக்கு வருஷத்துக்கு நூறு டன்னுக்கு மேல் கொடுக்கும். கிலோவுக்கு ஒன்றேகால் ரூபாய்க்கு மேல் அடக்கம் ஆகாது. வரப்போரம் அகத்தியும் வேலிமசாலும் (புரதமுள்ள தழைத்தீவனங்கள்) போட்டால் அடர்தீவனத்திலும் ஒரு கிலோ குறைக்கலாம். ஐந்து மாட்டுக்கும் சேர்த்து நாள் தீவனம் 915 ரூபாய் அளவுக்கு இறங்கும், அதாவது லிட்டருக்கு 26. அதே பாலை அதே வீடுகளுக்கு ஊற்றினால் 1,185 மிஞ்சும். அதில் பெட்ரோலுக்கு 250, குத்தகைக்கு 80 போனாலும் 855 கையில் நிற்கும்.

ஊருக்குள் 730, வெளியே 855. இந்த 125 ரூபாய்க்காக யாரும் குடும்பத்தைப் பிரித்து வெளியே போக வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் ஊருக்குள் ஆறாவது மாட்டைக் கட்ட இடமில்லை. வெளியே எட்டு மாடு ஆனாலும் பெட்ரோல் அதே 250தான், ஒரு ஏக்கர் புல்லும் போதும். எட்டு மாட்டுக்கு 56 லிட்டர் பால் வந்து, அதற்கும் வீடு கிடைத்தால் நாளுக்கு 1,500க்கு மேல் மிஞ்சும். அதோடு அபராத பயம் இல்லை. ஊருக்குள் சாக்கடை அடைப்புக்குக் காரணம் என்று திட்டு வாங்கித்தந்த சாணம், அங்கே லோடு கணக்கில் விலை போகும்.

ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்வது

இந்த வழியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. வடசென்னையில் மாடு வைத்திருப்பவர்கள் வழிதவறி வந்து இங்கே உட்கார்ந்தவர்கள் இல்லை. அவர்கள் தொழுவம் போட்ட நாளில் சுற்றிலும் ஏரியும் தோட்டமும் இருந்தன; நகரம்தான் வந்து சூழ்ந்துகொண்டது. மாடுகளை ஊரைவிட்டு வெளியேற்றும் யோசனையும் புதிதில்லை. அறுபதுகளில் மாதவரத்தில் பால்பண்ணை வந்ததன் பின்னால் அந்த எண்ணமும் இருந்தது. இன்று மாதவரமே நகரத்துக்குள் வந்துவிட்டது.

ஆனால் மாட்டின் பக்கம் நின்று பார்த்தால் ஊருக்குள் அது படும் பாடு பெரிது. வேப்பேரி மாட்டாஸ்பத்திரியில் வயிறு உப்பி வந்த ஒரு கறவை மாட்டுக்கு அறுவை சிகிச்சை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இடது விலாவில் கீறி, டாக்டர் தோள்வரை கையை விட்டு இழுக்க இழுக்க, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்ட கேரி பேக், பால் கவர், பிரியாணிப் பொட்டலத்தின் வெள்ளித்தாள், ஒரு சணல் துண்டு என்று வந்துகொண்டே இருந்தது. பக்கெட் நிறைந்து இன்னொரு பக்கெட் கொண்டுவந்தார்கள். அந்த மாடு நாலு மாதமாகத் தீனி எடுக்காமல் மெலிந்துகொண்டே போயிருக்கிறது. வயிற்றில் புல்லுக்கு இடமே இல்லை. மாட்டைக் குப்பைமேட்டில் மேயவிட்டால் தீவனச் செலவு மிச்சம் என்று நினைப்பவர்கள் அந்த பக்கெட்டை ஒருமுறை பார்த்தால் போதும். அந்த மாட்டுப் பால் நம் பிள்ளைகள் குடிக்கிற பால் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஆக ஊருக்குள் வைப்பது என்றால் கட்டுத்தறியில்தான் வைக்க வேண்டும். 1997ஆம் ஆண்டுச் சட்டப்படியே நகர்ப்புறத்தில் மாடு வளர்க்க உரிமம் வேண்டும். ஒரு மாட்டுக்குக் குடிக்க மட்டும் நாளுக்கு 60 முதல் 80 லிட்டர் தண்ணீர். கத்திரி வெயிலில் அதற்கும் மேல். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான், தண்ணீர் குறைந்த அன்றே பால் குறையும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கிற தெருவில் ஐந்து மாட்டுக்குக் குடிக்கவும் கழுவவும் எங்கே போவது? தகரக் கூரைக்குக் கீழ் மே மாதப் பகலில் கலப்பின மாடு வாயைத் திறந்து மூச்சுவாங்கும். அந்த மாதங்களில் சினை பிடிப்பதும் தவறிப்போகும்.

மாநகராட்சி இப்போது பேசின் பிரிட்ஜ் சாலை மாதிரியான இடங்களில் பொதுத் தொழுவம் கட்டிச் சொற்ப நாள் கட்டணத்துக்கு மாடு கட்ட இடம் தரும் திட்டத்தை எடுத்திருக்கிறது. இரண்டு மாடு மட்டும் வைத்திருக்கிற வயதானவர்களுக்கு, வீடு பக்கத்திலேயே இருந்தால், இதுதான் சரியான வழி. அவர்களைச் செங்குன்றத்துக்குப் போகச் சொல்வது நியாயமில்லை. ஆனால் பல வீட்டு மாடு ஒரே கூரையில் நிற்கும்போது கோமாரி ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு இலவசமாகப் போடும் கோமாரித் தடுப்பூசியை அங்கே ஒரு மாட்டுக்குக்கூட விட்டுவிடக் கூடாது. தோல் கழலை நோய்த் தடுப்பூசியையும் விட்டுவிடக் கூடாது.

வெளியே போவதென்றால் எந்தப் பக்கம்?

இதில் அவசரப்படுபவர்கள்தான் அதிகம். மீஞ்சூர்ப் பக்கம் குத்தகை மலிவாகத் தெரியும், சொந்தக்காரர்களும் இருப்பார்கள். ஆனால் மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுக் கதை. சென்னையின் குடிநீருக்கென்று ஆழ்குழாய் போட்டு உறிஞ்சியதில் உள்ளே வந்த உப்பு அது. உப்புத் தண்ணீரில் நேப்பியர் வளர்ச்சி குன்றும், மாடு தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். நிலத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கொசஸ்தலை, ஆரணி ஆற்றுக் கரையோரத் தாழ்வு நிலங்களையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையும் திருவள்ளூர் மாவட்டத்தின் தாழ்வான பகுதிகளும் தண்ணீரில் நின்றன. மனிதன் மாடி ஏறிவிடுவான், கட்டிவைத்த மாடு எங்கே ஏறும்?

என் கண்ணுக்குச் சோழவரம், ஆலமாதி, காரனோடை வட்டாரத்து மேட்டு நிலம்தான் தோது. செங்குன்றத்து ரைஸ்மில்கள் பக்கத்தில் இருப்பதால் தவிடு வண்டிக்கூலி அதிகமில்லாமல் கிடைக்கும். ஆலமாதியில் மத்திய அரசின் முர்ரா எருமைப் பண்ணை இருக்கிறது. கொடுவள்ளியில் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஜிஎன்டி ரோட்டில் விடியற்காலை நாலரைக்கு வண்டி எடுத்தால் லாரி நெரிசலுக்கு முன் மூலக்கடை தாண்டிவிடலாம்.

அந்த நேரம்தான் இந்த வழியின் உயிர்நாடி. கறந்த பால் வெளிச்சூட்டில் மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, சித்திரையில் அதுவும் சந்தேகம். மூன்று மணிக்குக் கறக்கத் தொடங்கி ஆறு மணிக்குள் கடைசி வீட்டு வாசலில் ஊற்றிவிட வேண்டும். சாயங்காலக் கறவைதான் சிக்கல். ஆறு மணி டிராஃபிக்கில் மறுபடி நகரத்துக்குள் வருவது வீண் அலைச்சல். சாயங்காலப் பாலை அங்கேயே சொசைட்டியில் ஊற்றிவிடலாம், அல்லது உறைக்குத்தி மறுநாள் காலை தயிராகக் கொண்டுவரலாம். தயிருக்கு வீடுகளில் எப்போதும் கிராக்கி உண்டு. விலைக் கணக்கில் பாதிப் பால் இப்படிப் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே நான் காட்டிய 855, முழுப்பாலும் வீட்டு விலைக்கோ அதற்கு ஈடான தயிர் விலைக்கோ போனால்தான். சாயங்காலப் பாலில் பாதிக்குமேல் சொசைட்டிக்கே போனால் இந்த வழி ஊருக்குள் இருப்பதைவிடக் கீழே இறங்கிவிடும்.

வியாசர்பாடியில் இருக்கும் எங்கள் பெரியப்பா கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. "அங்க கொண்டும்போய் கட்டிட்டு வந்துடுவ, சரி. நைட்டு ரெண்டு மணிக்குக் கன்னு மாறி வந்துச்சின்னா யார்ரா பாக்கறது?" இதற்குப் பதில் இல்லாதவர்கள் வெளியே போகக் கூடாது. கொட்டகையில் குடும்பத்து ஆள் ஒருவர் படுத்தே ஆக வேண்டும். கன்று போட்ட மறுநாள் மாடு தலையைத் திருப்பிப் படுத்து, காது சில்லிட்டுக் கிடந்தால் அது பால் காய்ச்சல். கால்சியம் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்கும் மாடு, விடியட்டும் என்று விட்டால் செத்துப்போகும். சம்பளத்துக்கு வைத்த ஆள் காதைத் தொட்டுப் பார்க்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 80,000 ரூபாய் மாடு போனால் அழப்போவது உங்கள் வீடுதான்.

சொசைட்டியும் ஏஜென்சியும்

சொசைட்டிக்கு ஊற்றுவதில் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. எவ்வளவு கறந்தாலும் எடுத்துக்கொள்வார்கள், கடன் சொல்லிவிட்டு வீடு காலி செய்துகொண்டு போகும் வாடிக்கைக்காரர் கிடையாது, உறுப்பினர் என்ற பெயரில் கடனும் தீவனமும் கிடைக்க வழி உண்டு. இந்தியா 1998 முதல் உலகத்திலேயே அதிகப் பால் உற்பத்தி செய்யும் நாடாக இருப்பதில், இரண்டு மூன்று மாடு வைத்தவர்கள் இப்படி ஊற்றிய பாலுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த விலை ஏன் ஏறுவதில்லை என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். ஆவின் நீல பாக்கெட் லிட்டர் 40 ரூபாய். கூலி வேலைக்குப் போகிற வடசென்னை வீடுகள் டீ போடுவது அந்தப் பாலில்தான், அந்த விலை ஏறக் கூடாது என்று நானும் நினைக்கிறேன். 38க்கு வாங்கிக் கொழுப்பைக் குறைத்து 40க்கு விற்கும்போது, எடுத்த கொழுப்பு நெய்யும் வெண்ணெயுமாகப் போய்த்தான் ஓரளவு ஈடுகட்டுகிறது. ஏழை வீட்டு டீயையும் ஏழை வீட்டு மாட்டையும் ஒரே விலை தாங்க வேண்டியிருப்பதுதான் இந்த நாட்டில் பால் தொழிலின் இறுக்கம். அதை அரசு மானியம்தான் அவிழ்க்க முடியும், மாட்டுக்காரரால் முடியாது.

ஆகவே, சொந்த நிலமும் புல்லும் இருந்து, பாலைத் தினமும் நகரத்துக்குச் சுமந்துவர ஆள் இல்லாதவர்களுக்குச் சொசைட்டி நல்ல வழி. லிட்டருக்கு 26 ரூபாய் தீவனத்தில் 38 ரூபாய் வாங்கினால் கொஞ்சமாவது மிஞ்சும். குத்தகை நிலத்தில், கடன் வாங்கிப் பத்து மாடு வாங்கி, முழுப்பாலையும் சொசைட்டிக்கு ஊற்றிப் பிழைக்கலாம் என்று தொடங்குகிற இளைஞர்களை மட்டும் கையைப் பிடித்துத் தடுக்கத் தோன்றுகிறது. முதல் மாட்டுக்கு மடிநோய் வந்து ஒரு காம்பு போனால் அந்த மாதத் தவணை நிற்கும்.

பாக்கெட் ஏஜென்சி பற்றி அதிகம் சொல்ல இல்லை. விடியற்காலை எழும் பழக்கமும் தெருவின் வீட்டுக்கணக்கும் ஏற்கெனவே மாட்டுக்காரர்களிடம் உண்டு. உடம்பு முடியாதவர்களுக்கு, அடுத்த தலைமுறை மாட்டைத் தொடாது என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு அது மரியாதையான முடிவு. லிட்டருக்குக் கிடைக்கும் கமிஷன் சிறிது. நூற்றுக்கணக்கில் பாக்கெட் ஓடினால்தான் வீட்டுச்செலவைத் தாங்கும்.

எருமையா, பசுவா?

வெளியே போவதென்று முடிவெடுத்தவர்கள் இதையும் ஒருமுறை யோசிக்கலாம். நம் சமவெளிக்கு ஜெர்சி கலப்பு, மலைக்கு எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு என்பதுதான் தமிழகத்தின் இனப்பெருக்கக் கொள்கை. எச்எஃப் பதினைந்து இருபது லிட்டர் கறக்கும் என்று ஆசைப்பட்டு வாங்கி, நம் வெயிலில் அதைக் காப்பாற்றத் திண்டாடுபவர்கள் நிறைய. முர்ரா எருமை கறப்பது குறைவுதான், ஆனால் கொழுப்பு நூற்றுக்கு ஏழு பங்குவரை போகும். சௌகார்பேட்டையில் பன்னீருக்கும் கோவாவுக்கும் எருமைப்பால் தேடுகிற கடைகள் வடசென்னைக்குள்ளேயே இருப்பது நம் அதிர்ஷ்டம். பத்து லிட்டர் எருமைப்பாலில் இரண்டு கிலோ அளவுக்குப் பன்னீர் எடுக்கலாம். ஆறு மாட்டோடு ஒரு எருமையைச் சேர்த்துப் பாருங்கள். எருமைக்குக் குட்டையோ, பகலில் இரண்டுமுறை தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்ட ஆளோ இருந்தால் மட்டும்.

பாலை நேரே வீட்டுக்கு விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வருஷ வியாபாரம் சிறிதாக இருந்தால் வெறும் பதிவே போதும். நம் 35 லிட்டர் கணக்கு எட்டு லட்சத்தைக்கூடத் தொடாது. கிடாரிக் கன்றுகளுக்கு நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி ஒருமுறை போட்டுவிடுங்கள், அந்த நோய் பால் வழியாக மனிதனுக்கும் வரும். ஒவ்வொரு கறவைக்கும் முன்னால் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். திரிதிரியாகத் தெரிந்தால் அன்றே மடிநோய் வைத்தியம் தொடங்கலாம், அந்தக் காம்புப் பாலை வாடிக்கைக்குக் கலக்காமலும் இருக்கலாம்.

போவது என்று தீர்மானித்தவர்கள் எல்லா மாட்டையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். குத்தகையை மூன்று வருஷத்துக்கு எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சுக் குத்தகையில் நட்ட புல்லை அறுக்கும் முன்னே நிலம் பிளாட் ஆகிவிடுகிற வட்டாரம் அது. நேப்பியர்க் கரணை நட்டு முதல் அறுப்புக்கு 75, 80 நாள் ஆகும், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கரணை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்து தையில் நட்டால் பங்குனிக் கடைசியில் முதல் அறுப்பு வரும். அதுவரை மாடுகள் இப்போதிருக்கும் தொழுவத்திலேயே நிற்கட்டும். புல் வந்ததும் வற்றிய மாட்டையும் கிடாரியையும் முதலில் அனுப்புங்கள், கறவை மாடுகள் கடைசியில் போனால் வாடிக்கை வீடுகளுக்கு ஒருநாள்கூடப் பால் தவறாது.